பூதத்துக்குப் பெயர் வைக்காத மேரி

தோழிகளே, ஃபிராங்கன்ஸ்டைன் என்றதும் என்ன ஞாபகம் வருது? நெற்றியில் தையல், கழுத்தில் போல்ட், ஆளைத் தூக்கி எறியும் கை. ஆனா அந்தப் பெயர் அதைச் செய்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனோட பெயர். பூதத்துக்குக் கதையில் பெயரே கிடையாது! கழுத்து போல்ட் 1931-ல் சினிமாக்காரங்க வைத்தது. கதையை எழுதியவர் ஒரு பெண். எழுத ஆரம்பித்தபோது வயசு 18. நம்ம ப்ளஸ் டூ அக்காங்க வயசுதான்.

மேரி ஷெல்லி 1797 ஆகஸ்ட் 30-ல் லண்டனில் பிறந்தார். அம்மா மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண்களுக்கும் சமமான படிப்பு வேணும்னு 1792-லேயே புத்தகம் எழுதியவர். மகள் பிறந்து 11 நாளில் பிரசவக் காய்ச்சலில் இறந்துவிட்டார். அம்மாவின் கல்லறையில் செதுக்கிய எழுத்தை விரலால் தடவித்தான் குழந்தை எழுத்துக் கற்றது என்று சொல்வார்கள். அந்தக் கல்லில் இருந்த முதல் பெயரும் மேரிதான். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலமே. அப்பா வில்லியம் காட்வின் எழுத்தாளர் என்பதால் வீடு நிறைய புத்தகம்.

16 வயதில் பெர்சி ஷெல்லி என்ற கவிஞரோடு வீட்டை விட்டுப் போனார். (அவருக்கு ஏற்கனவே மனைவி இருந்தார். எனக்கு இது பிடிக்கலை. ஆனா வாழ்க்கை வரலாறுன்னா மறைக்கக் கூடாது.) 1815-ல் குறைமாசத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, சில நாளில் இறந்தது. அதை நெருப்புப் பக்கத்தில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க உயிர் வந்ததாகக் கனவு கண்டேன் என்று நாட்குறிப்பில் எழுதினார். இதை மனசுல வச்சுக்கோங்க.

அதே 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பலால் அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரலை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்தபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். பெரிய கவிஞர் ரெண்டு பேரும் பாதியில் விட்டாங்க. மேரிக்கு முதலில் ஒன்றுமே தோணலை. ஒரு ராத்திரி அரைத்தூக்கத்தில் அந்தக் காட்சி வந்தது.

விக்டர் என்ற மாணவன் கல்லறையிலும் கசாப்புக் கூடத்திலும் உறுப்புகள் சேகரித்து ஒரு உடம்பு செய்கிறான். எங்க டீச்சர் இந்த இடத்தைச் சொன்னப்ப ரெண்டு பேர் காதைப் பொத்திக்கிட்டாங்க. எனக்கும் குமட்டுச்சு. ஆனா பூதம் கண்ணைத் திறந்ததும் விக்டர் அருவருத்து ஓடிப்போறான் பாருங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பயங்கரம். பிறந்த உடனே விட்டுட்டுப் போயிட்டாங்க! அது காட்டில் தனியா அலைந்து, ஒரு ஏழைக் குடும்பத்தைச் சுவர் இடுக்கு வழியாப் பார்த்தே பேசக் கற்றுக்கொள்ளுது. ராத்திரியில் அவங்களுக்கு விறகு கொண்டுவந்து போடுது. கண் தெரியாத தாத்தா மட்டும் அன்பாப் பேசுறார். கண் தெரிஞ்ச மகன் வந்து அடிக்கிறான். அதுக்கப்புறம்தான் கொலை எல்லாம்.

முதலில் சாகும் சின்னப் பையன் பெயர் வில்லியம். மேரி இதை எழுதும்போது அவர் கைக்குழந்தை பெயரும் வில்லியம்! பேய்க்கதை படிச்சா மனசு கெட்டுப்போகும்னு வீட்ல சொல்றாங்க. இந்தத் தாய் தன் பயம் முழுக்க அந்தப் பெயருக்குள்ள வச்சிருக்காங்கன்னு எனக்குத் தோணுது. பெண் குழந்தை செத்துப்போச்சேன்னு வாய்விட்டு அழ முடியாதவங்க வேற எப்படி எழுதுவாங்க?

1818 ஜனவரி 1-ல் 500 பிரதிகள் வெளிவந்தன. பெயர் போடவில்லை. கணவர்தான் எழுதினார் என்று பலர் நினைத்தார்கள். 1823-ல்தான் மேரியின் பெயர் அச்சானது. அதற்குள் மகள் கிளாரா 1818-லும், வில்லியம் 1819-லும் இறந்தாச்சு. 1822-ல் கணவர் கடலில் மூழ்கினார். மிச்சம் ஒரே மகன். அவனை எழுதிச் சம்பாதித்துத்தான் படிக்க வைத்தார். கொள்ளைநோயில் உலகமே அழிந்து ஒருவன் மட்டும் மிஞ்சுகிற நாவலை 1826-ல் எழுதியவரும் இவர்தான்.

1851 பிப்ரவரி 1-ல் 53 வயதில் இறந்தார். போர்ன்மவுத் ஊரில் அடக்கம் செய்தார்கள். அம்மா அப்பா உடல்களையும் லண்டனிலிருந்து எடுத்து வந்து பக்கத்திலேயே வைத்தார்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி