எட்கர் காட்: டேபிள் போட்டுக் கொடுத்தவர்

டிபிஎம்எஸ் லேப்ல நீங்க அடிக்கிற ஒவ்வொரு குவெரிக்கும் பின்னாடி எட்கர் காட் இருக்கார். 1923இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானி (ஆமா, பைலட்!), அப்புறம் ஐபிஎம்.

அப்போ ஒரு தகவலை எடுக்கணும்னா, பாயின்டரைப் பிடிச்சுக்கிட்டு ப்ரோகிராமரே ரெக்கார்டு ரெக்கார்டா தேடிப் போகணும். சேமிக்கிற முறையை மாத்தினா ப்ரோகிராமும் படுத்துடும். 1970இல் காட் எழுதிய பேப்பர் இதைத் தலைகீழாக்கியது: டேட்டா முழுக்க டேபிள்களில், என்ன வேணும்னு கேட்டால் போதும், எப்படி எடுப்பது என்பது சிஸ்டத்தின் கவலை.

ஐபிஎம் அவசரப்படவில்லை. அவங்களோட ஐஎம்எஸ் நல்லா ஓடிக்கிட்டிருந்ததே! 1979இல் ஆரக்கிள் முந்தி விற்பனைக்கு வந்தது. 1981இல் காட்டுக்கு டூரிங் விருது. 2003இல் காலமானார்.

எஸ்க்யூஎல் மேலயும் அவருக்குக் குறைதான்: ஒரே வரிசை இரண்டு தடவை வர அது விடுது. நீங்க டிஸ்டிங்க்ட் போடுறது அதனாலதான்.