கோடு கீறிய மத்தியஸ்தர்

கிளிநொச்சியிலே ஒரு பாடசாலை மைதானம். சிவந்த புழுதி மண், எல்லைக்கப்பால் பனைகள். பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளின் சொவ்ட்போல் போட்டியொன்றுக்கு மத்தியஸ்தனாக நின்றேன். முதல் இனிங்ஸிலே முழங்காலை உரசினாற்போல் வந்த பந்தை ஸ்ரைக் என்று தீர்ப்பளித்த நான், கடைசி இனிங்ஸிலே அதே உயரத்தில் வந்த பந்தைப் போல் என்று கூறிவிட்டேன். துடுப்பேந்தி நின்றவள் அணியிலே மிகச் சிறியவள். கண்ணில் நீர் முட்டியிருந்தது. இரக்கம் என் கையைக் கட்டிவிட்டது. வெற்றியும் கை மாறிற்று. ஆட்டம் முடிந்தபின் பந்தெறிந்த சிறுமி வந்து, முதலிலே சரியாயிருந்த பந்து பின்னர் எவ்வாறு பிழையாயிற்று, சேர், என்று பணிவோடு கேட்டாள். நேரமாகிவிட்டது என்று கூறிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அன்றிரவு எனக்கு நினைவில் வந்தவர் பில் கிளெம். கிரிக்கெட் மத்தியஸ்தர்களின் பெயர்களை அறிந்தோர் நம் நாட்டிற் பலர்; பேஸ்போல் மத்தியஸ்தர் ஒருவரை அறிந்தோர் மிகச் சிலர். ஐக்கிய அமெரிக்காவிலோ இவர் பெயர் தலைசிறந்த ஆட்டக்காரர் பெயரோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவது.

1874ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி நியூ யோர்க் மாநிலத்து றொச்செஸ்ரர் நகரிற் பிறந்தார். கிளிம் என்ற குடும்பப் பெயரே பின்னர் கிளெம் ஆயிற்று. துடுப்பாளன் பின்னே நின்று பந்து பிடிப்பவனாக விளங்க வேண்டுமென்பது இளமை ஆசை. கையிலேற்பட்ட ஊறு அதனைக் கெடுத்தது. பாலங்கட்டும் வேலைக்குப் போனார். 1902இல் சிறு சங்கமொன்றிலே மத்தியஸ்தரானார். 1905இல் நாஷனல் லீக் அவரை அழைத்துக்கொண்டது. 1941 வரை, முப்பத்தேழு பருவங்கள், அங்கேயே நின்றார். உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிகளிற் பதினெட்டுக்கு நடுவராயிருந்தார். அவ்வெண்ணிக்கையை இன்றுவரை வேறெவரும் எட்டவில்லை.

ஸ்ரைக் எல்லை என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சாளரம். அதன் அகலம் நிலத்திற் பதித்த ஐங்கோணத் தட்டின் அகலம், 17 அங்குலம். உயரத்துக்கோ அளவுகோல் துடுப்பாளனின் உடம்பே. கிளெம் காலத்து விதிப்படி தோளிலிருந்து முழங்கால் வரை. குள்ளனுக்கு ஒரு சாளரம், நெட்டையனுக்கு வேறொன்று. அதனைக் கீறிக் காட்டக் கோடு ஏதுமில்லை. மத்தியஸ்தரின் கண்ணே கோடு. அக்கண் எங்கே நிற்கிறது என்பதிலேயே நீதி தங்கியிருக்கிறது.

இதனைக் கிளெம் நன்குணர்ந்தார். மற்றச் சங்கத்து மத்தியஸ்தர்கள் மெத்தை போன்ற பெரிய மார்புக் கவசத்தை முன்னே தாங்கி, பந்து பிடிப்பவன் தலைக்கு மேலாகப் பார்த்தனர். கிளெம் சிறிய கவசத்தைச் சட்டைக்குள்ளே அணிந்தார். அதனாலே துடுப்பாளனுக்கும் பந்து பிடிப்பவனுக்கும் இடைப்பட்ட வெளியிலே தலையை இறக்கி, ஒவ்வொரு பந்தையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடிந்தது. இக்கூர்மையின் பொருட்டு ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் அவரைத் தட்டுக்குப் பின்னாலன்றி வேறிடத்தில் நிறுத்தவேயில்லை. கையசைவால் தீர்ப்பை உணர்த்தும் வழக்கத்தையும் அவருக்கே உரியதாக்குவர். அப்பெருமையிற் பிறருக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

1908 ஒக்ரோபர் 8ஆந் திகதி நியூ யோர்க் ஜயன்ற்ஸ் அணிக்கும் சிக்காகோ கப்ஸ் அணிக்கும் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம். அதற்கு முன்னர், ஜயன்ற்ஸ் வெல்ல உதவினால் 2,500 டொலர் தருவதாகத் தம்மிடம் பேரம் பேசப்பட்டதென்று கிளெமும் உடன் நின்ற ஜோன்ஸ்ரனும் முறையிட்டனர். பணத்தை மறுத்தனர், கப்ஸ் வென்றது. பணத்தை மறுப்பது எளிதென்று நினைக்கிறேன். சிறுபிள்ளையின் கண்ணீரை எவ்வாறு மறுப்பது? அதற்கு விடை கிளெமின் வரலாற்றில் நான் கண்டதில்லை. அவர் தீர்ப்புக் கூறியது வளர்ந்த ஆடவருக்கே.

குறையற்றவர் அல்லர் அவர். தம்மைக் கெளிற்று மீனென்று எவனாவது கேலி செய்தால் உடனே வெளியேற்றிவிடுவார். வாதிட வருபவர்கள் முன்னே சப்பாத்து நுனியால் மண்ணிற் கோடு கீறி, அதைத் தாண்டக் கூடாதென்று நிற்பார். இதிலே கர்வம் கொஞ்சம் உண்டு என்று சொன்னால் அவரை விரும்புவோர் கோபிக்கமாட்டார்கள்.

1941இல் நடந்ததை அவரே பின்னாளிற் கூறியிருக்கிறார். ஓடிவந்த வீரனொருவனை ஆட்டமிழந்தான் என்று தீர்த்தார். அவன் முறையிட்டான். விலகி நடந்தபோது, பந்து அவன்மேற் பட்டதென்று தாம் அறியவில்லை, பட்டிருக்குமென்று எண்ணியதே உண்மை என்பது அவருக்குத் தைத்தது. அத்தனை ஆண்டுகளில் அதுவே முதன்முறை. அந்த ஆண்டோடு களத்தை விட்டார். அப்பொழுது அவருக்கு அறுபத்தேழு வயது. பின்னர் தம் சங்கத்து மத்தியஸ்தர்களுக்குத் தலைவராயிருந்து, 1951 செப்ரெம்பர் 16ஆந் திகதி மயாமியிற் காலமானார். 1953இல் ரொம் கொனொலியுடன் சேர்த்துப் புகழ் மண்டபத்திலே இடமளித்தனர். அங்கே மத்தியஸ்தர்கள் புகுந்தது அப்பொழுதுதான்.

அடுத்த வாரப் பயிற்சிக்கு முன்னர் அச்சிறுமியைத் தேடிப் போனேன். முதல் இனிங்ஸிற் சொன்னதே சரி, கடைசியிற் சொன்னது என் பிழை என்றேன். அவள் சற்று நேரம் என்னைப் பார்த்தாள். பின்பு, இன்று எந்த உயரத்திற் சொல்வீர்கள், சேர், என்று கேட்டாள். முழங்கால் என்றேன். தலையசைத்துவிட்டுப் பந்தெடுக்கப் போனாள்.