சேர் றொபேட் மக்கரிசன் (1878–1960)

வயிறு நிறையச் சோறு உண்பவருக்கும் போசணைக் குறைபாடு ஏற்படலாம் என்பது இன்று மாணவர்கள் அறிந்த விடயம். நூறு வருடங்களுக்கு முன்னர் அது வைத்தியர்களுக்கே புதிராக இருந்தது. அப்புதிரை விடுவிக்க உழைத்தவர்களுள் மக்கரிசன் ஒருவர். அவரது முக்கியமான ஆய்வுகள் தமிழ்நாட்டின் குன்னூரில் நடைபெற்றன.

வட அயர்லாந்தின் போட்டடவுன் என்னும் ஊரில் 1878இல் பிறந்த அவர், பெல்பாஸ்ற்றில் மருத்துவம் கற்று, 1901இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்தார். சித்ரால், கில்கிற் ஆகிய மலைப்பிரதேசங்களில் பணியாற்றும்போது அங்கு பரவியிருந்த கண்டக்கழலையை ஆராய்ந்தார். கில்கிற் நீரின் மண்டியைத் தாமே குடித்து, தமக்கும் கழலை தோன்றுகின்றதா எனப் பார்த்தார் என்றால் அவரது துணிவை ஊகித்துக்கொள்ளலாம். அயலிலிருந்த ஹுன்சா மக்களிடம் வயிற்றுப்புண், குடல் நோய்கள் அரிதாக இருந்ததையும் அவர் கவனித்தார். அவர்களது உணவு தீட்டாத தானியம், காய்கறி, பழம், பால் என்பனவாகும். (ஹுன்சா மக்களைப் பற்றிப் பிற்காலத்தில் பலர் மிகைப்படுத்தியும் எழுதிவிட்டனர்.)

1918இல் குன்னூர் பாஸ்ரர் நிறுவகத்தின் ஒரேயொரு அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வை ஆரம்பித்தார். தீட்டிய அரிசியை மட்டும் உண்ட புறாக்கள் முதலில் பசியை இழந்தன, பின்னர் மெலிந்தன, ஈற்றில் நரம்புகள் தளர்ந்தன. இறந்த பிராணிகளை வெட்டிப் பார்த்தபோது குடற்சுவர் மெலிந்து காணப்பட்டது. உணவுக் குறைபாடு முதலில் தாக்கும் இடங்களுள் உணவுக் கால்வாயும் ஒன்று என்பதை அவர் வலியுறுத்தினார். 1923இல் செலவுக் குறைப்பின் பெயரால் ஆய்வு நிறுத்தப்பட்டது. இரு வருடங்களின் பின்னரே தொடர்ந்தது.

அடுத்து வந்த எலிப் பரிசோதனையே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்கு அளித்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட சீக்கியரின் உணவில் வளர்ந்த எலிகளின் சராசரி நிறை ஏறத்தாழ 235 கிராம். தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட சென்னை உணவில் அது ஏறத்தாழ 155 கிராம். இங்கு மாணவர்கள் அவதானமாக இருத்தல் வேண்டும். இது உடல் பருக்காமல் இருந்ததன் நன்மையல்ல. புரதமும் விற்றமினும் போதாமையால் வளர்ச்சி குன்றியதன் அடையாளமாகும். வெள்ளைப் பாண், மாஜரின், ஜாம், இனிப்புத் தேநீர் என ஆங்கில ஏழைகளின் உணவை உண்ட எலிகளோ ஒன்றையொன்று கடித்துக் கொன்றன.

நார்ப்பொருள் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அக்காலத்தில் அது கழிவாகவே கருதப்பட்டது. 1972இல் டெனிஸ் பேர்க்கிற்றும் அவரது சகாக்களும் உகண்டாக் கிராமத்தவரதும் ஆங்கிலேயரதும் மலத்தின் அளவையும், உணவு குடலைக் கடக்கும் நேரத்தையும் ஒப்பிட்டு வெளியிட்ட பின்னரே அதன் மதிப்பு உணரப்பட்டது. சிறுகுடலில் சமிபாடடையாத நார்ப்பொருள் பெருங்குடலை அடைந்ததும் பற்றீரியாக்களால் நொதிக்கச் செய்யப்படுகின்றது. அப்போது அசற்றிக்கமிலம், புரோப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் ஆகியன உண்டாகின்றன. பியூற்றிரிக்கமிலம் பெருங்குடற் கலங்களுக்குச் சக்தி அளிக்கின்றது. இவ்வமிலங்கள் குடற்சுவரின் சில கலங்களைத் தூண்ட, ஜீ.எல்.பி-1, பீ.வை.வை எனும் ஓமோன்கள் சுரந்து, போதும் என்ற உணர்வை மூளைக்குத் தெரிவிக்கின்றன. மேலும், மாப்பொருளின் ஒரு கிராம் 4 கிலோகலோரி தர, நொதிக்கும் நார்ப்பொருள் ஏறத்தாழ 2 கிலோகலோரியே தருகின்றது. ஆயினும் விலங்குகளில் கண்ட அளவுக்கு மனிதரில் நிறை குறைவதில்லை, பலன் மிதமானதே.

கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து வயல்நெல்லை வைத்தே இதனை விளங்கிக்கொள்ளலாம். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே செல்கின்றது. ஆகவே பின்னர் ஆலையில் தீட்டினாலும் அது ஓரளவு எஞ்சும், பெரிபெரி வராது. நார்ப்பொருள் அப்படியல்ல. அது தவிட்டுடனேயே போய்விடும். பச்சையோ புழுங்கலோ, வெள்ளையாகத் தீட்டிய சோற்றில் நார்ப்பொருள் குறைவு. குரக்கன், கௌபி, பயறு, கீரை, தவிடு நீக்காத சிவப்பரிசி என்பவற்றில் அதிகம். புழுங்கலரிசி என்றாலே நார்ப்பொருள் மிகுந்தது என எழுதுவது தவறு.

மக்கரிசனின் ஓரறை ஆய்வுகூடம் 1928இல் போசணை ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவரே முதற் பணிப்பாளர். 1933இல் சேர் பட்டம் பெற்று, 1935இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்ற அவர், 1960இல் காலமானார். 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட அவ்வாய்வுகூடம் 1969இல் தேசிய போசணை நிறுவகம் எனப் பெயர் பெற்றது.