கிண்டி ரேஸும் சிதம்பரம் பல்கலைக்கழகமும்: யார் இந்த எம்.ஏ.எம்.ராமசாமி?

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் வாசலில் அதிகாரிகள் சீல் வைத்தபோது, சமூக வலைதளங்களில் ஒரு பெயர் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. எம்.ஏ.எம்.ராமசாமி. வயதானவர்களுக்கு அவர் குதிரைக்காரர். ஹாக்கி ரசிகர்களுக்கு அவர் ஒரு காலத்துத் தலைவர். சிதம்பரத்தில் படித்தவர்களுக்கு அவர் இணைவேந்தர். இன்றைய இளைஞர்கள் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது.

ஒரே மனிதர் பந்தயக் குதிரைகளையும் பல்கலைக்கழகத்தையும் எப்படி ஒன்றாக வைத்திருந்தார்? அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? கடைசியில் ரெண்டுமே ஏன் அரசுக் கைக்குப் போனது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இவர்?

1931 செப்டம்பர் 30-ல் பிறந்தவர் ராமசாமி. தாத்தா, செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். சென்னை ராஜா அண்ணாமலைபுரம் இருக்கே, அது அவர் பெயரில் அமைந்ததுதான். அப்பா, ராஜா சர் முத்தையா செட்டியார். சென்னை மாநகராட்சியின் மேயராக இருந்தவர், தமிழிசை இயக்கத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர். வங்கி, வட்டித்தொழில், பிறகு சிமென்ட் என்று மூன்று தலைமுறையாகப் பணம் புரண்ட குடும்பம்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவருக்குச் சொத்தைக் காப்பாற்றுவது மட்டும்தான் வேலை என்று நினைக்கலாம். ஆனால் ராமசாமியின் மனசு போனது குதிரை லாயத்துக்கு.

ஐநூறுக்கும் மேல் கிளாசிக் வெற்றிகள்

ரேஸ் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பந்தயத்தில் ஓடுவது தரோபிரெட் என்ற ஒரே இனக் குதிரை. உலகத்தில் உள்ள எல்லா தரோபிரெட்டுகளின் ஆண் வழியும் 300 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட மூன்று பொலிகுதிரைகளில் போய் முடியும். வம்சாவளி எழுத்தில் இல்லாத குதிரை பந்தயத்தில் இறங்கவே முடியாது.

இந்தக் குதிரைகள் ஓடும் பந்தயங்களில் உச்சமானவை கிளாசிக். ஆயிரம் கினி, இரண்டாயிரம் கினி, ஓக்ஸ், டெர்பி, செயின்ட் லெஜர் என்று ஐந்து. இந்தியாவில் மும்பை, பெங்களூரு, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் போன்ற மையங்கள் தங்களுக்கென்று தனியாக கிளாசிக் பந்தயங்களை நடத்துகின்றன. ஒரு கிளாசிக் ஜெயித்தாலே குதிரைக்காரர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்வார். ராமசாமியின் கணக்கில் இருந்ததோ ஐநூறுக்கும் மேல். இந்திய ரேஸ் வரலாற்றில் அவர் அளவுக்கு ஜெயித்த உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இதெல்லாம் அதிர்ஷ்டமா? முழுசா அப்படிச் சொல்ல முடியாது. நல்ல வம்சாவளிக் குட்டிகளை ஏலத்தில் எடுக்கக் கையில் காசு வேண்டும். பல ஊர்களில் பயிற்சியாளர் வேண்டும். கால் உடைந்த குதிரைக்கும், ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத குதிரைக்கும் சேர்த்துத் தீனி போட வேண்டும். பத்துக் குட்டி வாங்கினால் ஒன்றிரண்டு தேறும். அந்த நஷ்டத்தைத் தாங்குகிறவர்தான் இந்த ஆட்டத்தில் நிற்க முடியும். செட்டிநாட்டுச் சிமென்ட் வருமானம் அவருக்கு அந்தத் தெம்பைக் கொடுத்தது.

ஆனால் குதிரைக்காரராக மட்டும் அவர் இருந்துவிடவில்லை. கிண்டியையும் ஊட்டியையும் நடத்திவந்த மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தார். சண்டை அங்கேதான் ஆரம்பம்.

ரேஸ் சூதா, திறமையா?

கிண்டியில் 1777-லிருந்தே குதிரைகள் ஓடியதாகச் சொல்கிறது கிளப் வரலாறு. இன்றைய கிளப் 1896-ல் உருவானது. பணக்காரர்கள் குதிரை வளர்த்தார்கள், சரி. பந்தயம் கட்டியது யார்? ரிக்‌ஷாக்காரர், மில் தொழிலாளி, குமாஸ்தா. மாதச் சம்பளம் சனிக்கிழமை மதியம் புக்கி கையில் போய்விடும். வீட்டில் அடுப்பு எரியாது.

இதைக் காரணம் காட்டித்தான் கருணாநிதி தலைமையிலான அரசு 1974-ல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கிளப் நீதிமன்றம் போனது, தடை வாங்கியது, பந்தயம் தொடர்ந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு வேறு வழியில் வந்தது. கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம் அது.

ரெண்டு வழக்கும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 1996 ஜனவரி 12-ல். குதிரையின் வம்சம், உடல்நிலை, ஜாக்கியின் தரம், தூரம், எடை எல்லாவற்றையும் கணித்துத்தான் பந்தயம் கட்டுகிறார்கள். எனவே இது பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் அல்ல என்றது நீதிமன்றம். 1986 சட்டமும் செல்லாது என்று அடித்துப் போட்டது.

கிளப்புக்கு இது மிகப் பெரிய வெற்றி. இதன் தாக்கம் ரேஸோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். பிற்காலத்தில் ஆன்லைன் ரம்மி நிறுவனங்கள் நீதிமன்றத்தில் கையில் எடுத்த முக்கியமான ஆயுதங்களில் ஒன்று இந்தக் கிண்டித் தீர்ப்புதான்.

ஹாக்கியில் என்ன செய்தார்?

1970-களில் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பின் தலைவர் நாற்காலிக்கும் வந்தார் ராமசாமி. அப்போது கூட்டமைப்பு இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து கிடந்தது. எந்த அளவுக்கு என்றால், 1975 உலகக் கோப்பைக்கான பயிற்சி முகாமை சண்டிகரில் பஞ்சாப் அரசு முன்னின்று நடத்த வேண்டி வந்தது. அந்த ஆண்டு கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா கோப்பையை எடுத்தது. அதுதான் இன்றுவரை நம்முடைய ஒரே ஹாக்கி உலகக் கோப்பை.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆட்டம். இந்தியா ஏழாவது இடம். நம் ஊரில் பிள்ளைகள் மண்ணிலும் புல்லிலும்தான் பழகினார்கள். பிறகு 1980 மாஸ்கோவில் தமிழ்நாட்டுக்காரர் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வந்தது. பல பெரிய அணிகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது என்றாலும் தங்கம் தங்கம்தான். அதற்கப்புறம் ஒரு ஒலிம்பிக் ஹாக்கி பதக்கம் பார்க்க இந்தியாவுக்கு 41 ஆண்டு ஆனது.

பணக்கார ரசிகர் ஒருவர் தலைமைக்கு வந்தால் அணிக்குச் செலவழிக்கக் கை இருக்கும். ஆனால் மைதானத்தை மாற்றுவது, பள்ளி பள்ளியாகச் செயற்கைத் தரை போடுவது எல்லாம் தனி ஒருவர் கை கொடுத்து ஆகிற காரியம் இல்லை. அந்தப் பத்தாண்டு நமக்குச் சொல்லும் பாடம் அது.

பல்கலைக்கழகம் எப்படி வந்தது?

தாத்தா அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு கல்லூரிகளையும், கூடவே 20 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அன்றைக்கு 20 லட்சம் என்பது கற்பனைக்கு எட்டாத தொகை.

அந்தக் கொடைக்குச் சட்டத்திலேயே ஒரு பதில் மரியாதை இருந்தது. நிறுவனர்தான் இணைவேந்தர். அவருக்குப் பிறகு அவர் வாரிசு. துணைவேந்தர் தேர்விலும் அவர் சொல்லுக்கு இடம் உண்டு. அப்படித்தான் அப்பா முத்தையா செட்டியார் 1984-ல் மறைந்ததும் ராமசாமி இணைவேந்தர் ஆனார். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985-ல் வந்தது அவர் காலத்தில்தான்.

மொரப்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் கேட்கலாம்: குதிரையும் கிண்டியும் நமக்கு எதுக்கு? குதிரை விஷயத்தில் ஒரு பழைய தொடர்பு இருக்கு. ஓசூர் மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. மொரப்பூரில் ஆரம்பித்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை ஓடிய குறுகிய ரயில் பாதை ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தை மெட்ராஸ் மெயின் லைனோடு இணைத்தது. 1906-ல் தர்மபுரி வரை வந்த அந்தப் பாதை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

ஆனால் உண்மையான தொடர்பு கல்வியில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. மொரப்பூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி மாதிரி ஊர்களில் அன்றைக்குப் பட்டப்படிப்பு என்றால் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போகணும். காடு கழனி வேலையை விட்டுவிட்டுப் போக முடியாதவர்களுக்கும், கல்யாணமாகி வீட்டில் இருந்த பெண்களுக்கும், ஏற்கெனவே வாத்தியார் வேலையில் இருந்தவர்களுக்கும் தபாலில் வந்த அந்தப் புத்தகக் கட்டுதான் கல்லூரி. உங்கள் வீட்டிலேயே அண்ணாமலை அஞ்சல் வழியில் பட்டம் வாங்கிய ஒருவர் இருக்கக்கூடும்.

எங்கே சறுக்கியது?

வளர்ச்சிக்கு ஏற்ற கணக்கு இல்லாமல் ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். தொலைதூரக் கல்விக் கட்டணம் வந்துகொண்டிருந்தவரை பிரச்சினை வெளியே தெரியவில்லை. 2012 இறுதியில் வெடித்தது. சம்பளத்தைக் குறைக்கப் போகிறோம், ஆட்களைக் குறைக்கப் போகிறோம் என்று நிர்வாகம் பேசியதும் ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள்.

2013-ல் தமிழக அரசு நிர்வாகியை நியமித்து, புதுச் சட்டம் கொண்டுவந்து, பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. மூன்று தலைமுறை இணைவேந்தர் பதவி அத்தோடு முடிந்தது. மிகுதியாக இருந்த ஆசிரியர்கள் மாநிலம் முழுக்க அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் குடும்பத்தோடு இருந்தவர்கள் முன்பின் தெரியாத ஊரில் வாடகை வீடு பார்க்க வேண்டியதாயிற்று. மருத்துவ மாணவர்களோ, அரசுக் கல்லூரி ஆன பிறகும் தனியார் கட்டணமா என்று கேட்டு 2020-21-ல் வாரக்கணக்கில் போராடினார்கள். அதன் பிறகுதான் அது சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது.

அமெரிக்காவில் எப்படி?

இந்த ஜோடி நம்ம ஊருக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் குதிரைப் பண்ணையும் கல்லூரிக் கூடைப்பந்தும்தான் ரெண்டு மதம். லூயிவில் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ, 2013 கென்டக்கி டெர்பியில் ஓடிய கோல்டன்சென்ட்ஸ் குதிரையில் பங்கு வைத்திருந்தார். கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து பயிற்சி அரங்கம், கொடை கொடுத்த நிலக்கரித் தொழிலதிபர் ஜோ கிராஃப்ட் பெயரில் இருக்கிறது.

வித்தியாசம் என்னவென்றால், அங்கே கொடையாளிக்குக் கட்டடத்தில் பெயரும் போட்டியில் முன்வரிசை இருக்கையும் கிடைக்கும். பேச்சுக்குச் செல்வாக்கும் இருக்கும். ஆனால் பல்கலைக்கழகப் பதவி அவர் பேரனுக்குப் போகாது. சிதம்பரத்தில் போனது.

கடைசி ஆண்டுகள்

அரசியலிலும் கால் வைத்தார் ராமசாமி. கர்நாடகத்திலிருந்து மதச்சார்பற்ற ஜனதா தளம் சார்பில் 2004 முதல் 2010 வரை மாநிலங்களவை உறுப்பினர். கடைசிக் காலம் அவருக்கு நிம்மதியாக அமையவில்லை. பல்கலைக்கழகம் போன கையோடு, சிமென்ட் நிறுவனத் தலைமையும் 2014-ல் கைமாறியது. குடும்பத்துக்குள் வழக்கு வம்பு. 2015 டிசம்பர் 2-ல், சென்னை நகரமே வெள்ளத்தில் தத்தளித்த நாளில், 84 வயதில் காலமானார்.

கிண்டி இப்போது என்ன நிலை?

1945-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட சுமார் 160 ஏக்கர் அது. ஆண்டு வாடகை வெறும் 614 ரூபாய் சொச்சம். 1970-லிருந்து வாடகையைத் திருத்தி 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று அரசு கேட்டது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டச் சொன்னது. 2024-ல் குத்தகை ரத்தானது. ஊட்டி மைதானத்தை அரசு அதற்குச் சில மாதம் முன்பே எடுத்துவிட்டது. கிளப் மறுபடியும் நீதிமன்றப் படி ஏறியது. கிண்டி நிலத்தில் பூங்காவும், வெள்ள நீரைத் தாங்கும் குளங்களும் என்பது அரசின் திட்டம். இதில் அதிகம் தவிப்பது சைஸ் எனப்படும் குதிரைப் பராமரிப்பாளர்கள், ஜாக்கிகள், லாய வேலைக்காரர்கள்தான். குதிரைக்காரர்களுக்குப் பெங்களூரு இருக்கு, இவர்களுக்கு எங்கே வேலை?

ராமசாமியை எப்படிக் கணக்குப் போடுவது? காசு வெச்சிருந்தவர் காசை விளையாட்டிலும் படிப்பிலும் போட்டார். அதனால் கோப்பைகள் வந்தன, பட்டங்கள் வந்தன. மொரப்பூர் பக்கம் யாரோ ஒரு வாத்தியாரின் சுவரில் இன்றும் அந்தப் பட்டம் தொங்குகிறது. ஆனால் கிண்டி வாடகையானாலும் சிதம்பரம் சம்பளமானாலும், யாருடைய பணம், யாருக்குப் பதில் சொல்லணும் என்ற கேள்வியை அந்தக் காலத்து ஏற்பாடுகள் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதற்கான பில், கடைசியில் சம்பளம் வாங்குகிறவர்களிடமும் படிக்கிற பிள்ளைகளிடமும்தான் வந்து நின்றது.