சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மையார்

உலகத்தைப் பெருந்துன்பம் சூழ்ந்த காலங்களில் மக்களுக்கு உணவும் மருந்தும் வேண்டியிருப்பது போலவே, அருகிருந்து அவர் மனந் தளராமற் காப்பாரும் வேண்டியிருக்கின்றனர். 2015-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் அடையாறு கரைபுரண்டு ஓடிய நாட்களிலும், 2020-ல் கொள்ளைநோய் கண்டு வீடுகள்தோறும் கதவடைத்திருந்த நாட்களிலும் சென்னைவாசிகள் இவ்வுண்மையை நேரிற் கண்டனர். அத்தகைய தொண்டரைப் பயிற்றுவது எங்ஙனம் என்பது குறித்து இன்று பல தேசங்களிலும் வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆயினும் இம்முயற்சி நமக்குப் புதியதன்று. துன்பத்திற்கு ஆளானவர்களையே எடுத்து, அவர்களைப் பிறர்க்கு ஊக்கமளிக்கும் ஆசிரியைகளாக ஆக்குவதை ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்த ஒரு பெண்மணி இந்நகரில் வாழ்ந்தார். சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மையார் என்று பெயர் சொன்னால் நம் பாட்டிமார் அனைவரும் அறிவர். மாணவர்களுள் அறிந்தோர் சிலரே என்பதனால் அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அம்மையார் 1886-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி மயிலாப்பூரிற் பிறந்தார். தந்தையார் ஆர். வி. சுப்பிரமணிய ஐயர், சென்னை மாகாண மராமத்து இலாகாவில் எஞ்சினீயராக இருந்தவர். தாயார் விசாலாக்ஷி அம்மாள். குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லாவிலுள்ள ரிஷியூர். ஆசாரம் மிகுந்த அந்தணர் குடி அது. பெண்குழந்தை ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுப் பரீக்ஷையிற் செங்கற்பட்டு ஜில்லாவுக்கே முதலாகத் தேறியது. அதன்பின் அக்கால வழக்கப்படி பால்ய விவாகம் நடந்தது. சிறிது காலத்திற்குள்ளேயே கணவன் இறந்தான். வாழ்க்கை இன்னதென்று அறியுமுன்னரே அது முடிந்துவிட்டது என்று உலகம் தீர்ப்புக் கூறிற்று.

அவ்வீட்டில் இத்தீர்ப்பை முன்னரே பெற்றவர் ஒருவர் இருந்தார். தாயாரின் தங்கை வாலாம்பாள், குழந்தைப் பருவத்திலேயே கைம்மை எய்தியவர். தம் பெண்ணும் அவ்வழியே செல்வதைக் காணப் பொறாத தந்தையார், சிகையைக் களையும் வழக்கத்தை அவள்பாற் செலுத்தவில்லை. தாமே அருகிருத்தி ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். பின்னர்க் கன்னிகா மடத்துச் சகோதரிகள் நடத்திய பிரஸெண்டேஷன் கான்வெண்டிற் படிக்க அனுப்பினார். உறவினரும் ஊராரும் பேசிய பேச்சுக்களை ஊகித்துக்கொள்வது அரிதன்று. குடும்பமின்றியே பல குழந்தைகட்குத் தாயாக நின்று கற்பித்து வந்த அக்கன்னியரின் வாழ்க்கை அப்பெண்ணின் உள்ளத்திற் பதிந்தது. அம்மையார் தம் சமயத்தை விட்டு விலகினாரல்லர். எனினும் பிற்காலத்தில் அவரை எல்லோரும் ஸிஸ்டர் என்று அழைத்தமை அப்பழக்கத்தின் அடையாளமாகவே நமக்குத் தோன்றுகிறது.

1911-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பிரஸிடென்ஸி காலேஜிலிருந்து முதல் வகுப்பில் பி. ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் அப்பட்டம் பெற்ற முதல் ஹிந்து ஸ்திரீ அவரே. இவ்வளவில் நின்றிருந்தாலும் அவர் பெயர் சரித்திரத்தில் இடம்பெற்றிருக்கும். அம்மையாரோ பட்டத்தை ஒரு திறவுகோலாகவே கருதினார் போலும்.

அக்காலத்தில் இருவகைக் குறைகள் ஒன்றையொன்று அறியாமல் நாட்டில் இருந்தன. பெண்பாடசாலைகளை விரிக்க அரசினர் விரும்பினர். கற்பிக்கப் பெண்கள் கிடைக்கவில்லை. ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்கு வயது வந்த பெண்ணை அனுப்பப் பெற்றோர் இசையவில்லை. மணமான பெண்களோ வீட்டை விட்டு வரத் தக்கவரல்லர். இஃது ஒரு குறை. மற்றொரு புறம், ஆயிரக்கணக்கான இளங்கைம்பெண்கள் வீடுகளின் பின்கட்டில், ஒருவேளை உணவும் முடிவற்ற வேலையுமாக, எதிர்நோக்குவதற்கு ஒன்றுமின்றிக் கிடந்தனர். அவர்களுக்குப் பொழுதுண்டு, திறமையுண்டு, பயன்படுத்துவாரில்லை. பெண்பாடசாலைகளின் இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் லிஞ்ச் என்னும் ஐரிஷ் மாது முதற்குறையை அறிந்திருந்தார். அம்மையாரோ இரண்டாவதைத் தம் உடம்பிலேயே அறிந்தவர். இவ்விருவரும் சந்தித்தமையால் இரு குறைகளும் ஒன்றையொன்று நிரப்பும் வழி பிறந்தது.

எழும்பூரில் ஒரு வீட்டில், நான்கு பெண்களோடு, அவ்வேலை ஆரம்பமாயிற்று. வாலாம்பாள் சித்தியே வீட்டுப் பொறுப்பை ஏற்றார். 1912-ல் சாரதா மாதர் சங்கம் தோன்றிற்று. பெண்டிர் கூடிப் பேசவும் கல்வியை வளர்க்கவும் ஏற்பட்ட அச்சங்கத்தின் ஆதரவில் இல்லம் வளர்ந்தது. இரண்டு வருஷங்களுக்குள் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. 1914-ம் வருஷம் ஸெப்டம்பர் 22-ந் தேதி இரவில் எம்டன் என்னும் ஜர்மானியக் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்ததும், அச்சத்தால் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடியதும் சென்னைச் சரித்திரத்தில் யாவரும் அறிந்தவை. அந்த நாளிலே, பிறர் வீட்டுப் பெண்களைத் தம் பொறுப்பில் வைத்திருந்த இருபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்ப்பாராக. யுத்தத்தின் நடுவே இல்லம் குலையவில்லை. இடம் போதாமல் பெரிய வீடுகளைத் தேட வேண்டியதாயிற்று.

1917-ல் அவ்வில்லம் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற் குடியேறிற்று. இக்கட்டடத்தின் கதை வேடிக்கையானது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து விற்பதற்கென 1842-ல் எழுந்தது. வியாபாரம் ஒழிந்தபின் பிலிகிரி ஐயங்கார் அதனை வாங்கி வீடாக்கினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர்ச் சிலகாலம் ராமகிருஷ்ண மடமும் அங்கிருந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு நிற்கிறது. ஆயினும் கைம்பெண்கள் அங்கிருந்து கற்ற காலத்தை அவ்வழிச் செல்வோருட் பலர் நினைப்பதில்லை.

அங்கே நடந்த பயிற்சி யாது? பாடப்புத்தகங்களும் பரீக்ஷைகளும் ஒரு பகுதியே. அருகில் குவீன் மேரீஸ் காலேஜ் இருந்தமையால் இல்லத்துப் பெண்கள் சிலர் அதிலும் சேர்ந்து படித்தனர். எனினும் அவ்வில்லத்தின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. கைம்பெண்ணின் முகத்தில் விழித்தல் அபசகுனம் என்று அக்காலத்தார் எண்ணினர். கலியாண வீட்டில் அவளுக்கு இடமில்லை. பிரயாணம் புறப்படுவோர் எதிரே அவள் வரலாகாது. சிறு வயது முதல் இதனையே கேட்டு வளர்ந்த பெண், தன்னைத் தானே ஒரு தீக்குறியாக நம்பிவிடுகிறாள். இந்நம்பிக்கையைப் பிரசங்கத்தால் அகற்ற இயலாது. அம்மையார் அவளுக்குக் கல்வி கொடுத்து ஒரு வகுப்பின் முன்னே நிறுத்தினார். காலைதோறும் முப்பது குழந்தைகள் அவள் முகத்தையே எதிர்பார்த்து வாயிலில் நின்றன. அவள் வாராத நாளில் அவை வருந்தின. தன் முகம் பிறர்க்கு வேண்டிய முகம் என்பதை இங்ஙனம் அவள் நாள்தோறும் அனுபவத்தால் அறிந்தாள். ஆறுதல் பெறுவதற்கு மிகச் சிறந்த வழி ஆறுதல் அளிக்கும் பணியிலே அமர்வது என்பதை அம்மையார் கண்டுகொண்டமையே அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்று நாம் கருதுகின்றோம். ஐஸ் ஹவுஸை அடுத்த மீனவர் குப்பத்துக் குழந்தைகட்கும் அவர் பள்ளி அமைத்தார். ஆசாரக் குடும்பத்துப் பெண்களைக் குப்பத்துப் பள்ளியோடு உறவாடச் செய்தது அந்நாளில் எளிய செயலன்று.

இவ்விடத்தில் ஒரு குறையையும் மறையாது கூறுதல் வேண்டும். ஐஸ் ஹவுஸ் இல்லத்தில் அந்தணப் பெண்களையே சேர்த்துக் கொண்டனர். உணவு முறையும் ஆசாரமும் வழுவாவிடில்தான் பெற்றோர் பெண்களை அனுப்புவர் என்பது காரணம். மறுமணக் கிளர்ச்சியையும் அம்மையார் இல்லத்தின் வேலையாக்கவில்லை. வைதிகர் அவரை வரம்பு கடந்தவர் என்று பழித்தனர்; சீர்திருத்தக்காரருட் சிலரோ வரம்பினுள்ளேயே நின்றுவிட்டார் என்று குறை கூறினர். பிற்கூறியவர் கூற்றில் நியாயமில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அரசினர் பொருளுதவி பெற்ற ஓர் இல்லம் ஒரு ஜாதியார்க்கே உரியதாயிருந்தமை அக்காலத்தவர் சிலர்க்கே உறுத்திற்று. இக்காலத்தவராகிய நமக்கு இன்னும் உறுத்துகிறது. ஆயினும் கதவைத் திறக்க மறுக்கும் வீட்டினுள்ளிருக்கும் பெண்ணை வெளிக்கொணர வேண்டுமாயின், அவ்வீட்டார் நம்பும் குரலிற் பேச வேண்டியிருந்தது என்பதையும் எண்ணுதல் வேண்டும். அம்மையாரின் பிற்கால வேலைகள் இவ்வெல்லையிற் கட்டுண்டிருக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒருவர் நாற்பது பேரைக் கரையேற்றலாம். கரையேற்றுவாரைப் பயிற்றினால் அவ்வேலைக்கு எல்லையில்லை. 1922-ல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையும், அதனைச் சார்ந்த பயிற்சிப் பள்ளியும் திருவல்லிக்கேணிக் கடற்கரைச் சாலையில் ஏற்பட்டபோது அதன் முதல் தலைமைப் பொறுப்பு அம்மையாரைச் சார்ந்தது. புத்தகத்திற் படித்த முறையை அன்றே பக்கத்து வகுப்பிற் குழந்தைகளிடம் செய்து பார்ப்பதற்குப் பயிற்சிப் பள்ளி உடனிருந்தது. அங்கே பயின்றோர் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் ஆசிரியைகளாகச் சென்றனர். ஒரு சிற்றூரிற் பெண்ணொருத்தி தன் சம்பளத்தில் தனித்து வாழ்ந்து, கணக்கும் சுகாதாரமும் கற்பித்து, அவ்வூர்ப் பெண்டிர்க்குக் கடிதம் எழுதியும் படித்தும் உதவி வந்தாளாயின், அவள் பாடஞ் சொல்லாத வேளையிலும் அவளைப் பார்த்துப் பலர் கற்றிருப்பர்.

சாரதா மாதர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்தியாலயம் என்னும் பெண்கள் உயர்தரப் பாடசாலையும் விடுதியோடு அமைந்தது. 1938-ல் அதனை ராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக்கொண்டது. தியாகராய நகரில் அது வளர்ந்தது. உஸ்மான் ரோட்டு நெரிசலில் அப்பள்ளியைக் கடந்து செல்வோர், எழும்பூரில் நான்கு பெண்களோடு ஆரம்பமான முயற்சியின் கிளையே அது என்று அறிந்தால் வியப்புறுவர். தாம் வளர்த்ததைப் பிறர் கையில் ஒப்புவித்து அடுத்த வேலைக்குச் செல்லுதல் அம்மையாரின் இயல்பு. ஸ்தாபனங்களை நிறுவுவோரிடத்தில் இக்குணம் அரிது என்று நாம் இடையே கூறிக்கொள்கின்றோம்.

அரசினர் உத்தியோகத்திலிருந்தமையால், 1917-ல் அடையாற்றிற் பிறந்த இந்திய மாதர் சங்கத்திலும், அகில இந்திய மாதர் மகாநாட்டிலும் அவர் வெளிப்படையாகச் சேர இயலவில்லை. ஆயினும் பால்ய விவாகத்தை ஆராய வந்த ஜோஷி கமிட்டியின் முன் சாக்ஷியம் அளித்தார். அதன் பின்னரே 1929-ல் சாரதா சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என மணவயது வரையறுக்கப்பட்டது. தம்மைப் போன்றோர்க்கு இல்லம் அமைத்த பின்னர், அவ்வில்லமே வேண்டாத காலம் வருவதற்கும் அவர் உழைத்தார்.

1942-ம் வருஷத்தை மூத்தோர் மறவார். ஜப்பானியர் படையெடுப்பார் என்னும் அச்சத்தால் ஏப்ரல் மாதத்திற் சென்னை நகரமே வெறிச்சோடிற்று. வீடுகள் பூட்டப்பட்டன, காரியாலயங்கள் வெளியூர் சென்றன, வண்டி கிடைத்தவர் வண்டியிலும் கிடையாதவர் நடந்தும் போயினர். அவ்வருஷத்திலேயே, உத்தியோக வாழ்வின் எல்லையை அடைந்த அம்மையார், மயிலாப்பூரில் வயது வந்த ஸ்திரீகளுக்கென ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியை நிறுவினார். படிக்கும் வயது கடந்துவிட்டது என்று தாமே தம்மைக் கைவிட்ட பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. உலகம் இடிந்துவிழும் காலத்தில் அகரமுதல் தொடங்குவதோ என்று சிலர் நகைத்திருக்கலாம். அம்மையாருக்கு அது பழகிய காலமே; முதல் யுத்தத்திலும் அவர் அதனையே செய்துகொண்டிருந்தார்.

சுதந்தரத்தின் பின் 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேற்சபையில் நியமன அங்கத்தினராக இருந்தார். மயிலாப்பூர் மாதர் கிளப்பின் தலைவியாக அவர் தொடங்கிய பள்ளிச் சங்கத்தினின்று 1956-ல் வித்யா மந்திர் பாடசாலை எழுந்தது. 1920-ல் கெய்ஸர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும் 1958-ல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தன. இரண்டு அரசாங்கங்களின் மரியாதையையும் பெற்றவர் அவர். ஆயினும் அவற்றைப் பற்றி விரித்தெழுத நமக்கு ஆவலில்லை.

விரித்தெழுதத் தக்கது வேறொன்று உளது. 1954-ல், அறுபத்தெட்டாம் வயதில், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் என்னும் கிராமத்தில் ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நலநிலையத்தை அவர் அமைத்தார். அவ்வாண்டிலேதான், துர்க்காபாய் தேஷ்முக் அம்மையாரின் தலைமையில் இயங்கிய மத்திய சமூக நல போர்டு, கிராம ஸேவிகைகளைப் பயிற்றி ஊர்களுக்கு அனுப்பும் திட்டத்தை நாடெங்கும் தொடங்கியது. அத்துர்க்காபாயும் மயிலாப்பூரிற் பெண்கல்விப் பணியைத் தொடங்கியவரே. அடையாற்றில் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியாரின் அவ்வை இல்லம் ஜாதி வேற்றுமையின்றிப் பெண்களை ஏற்று வளர்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாறு மைல் சுற்றளவினுள் இத்தகைய மூவர் ஒரே காலத்தில் உழைத்தமை இந்நகர்ப் பகுதிக்குப் பெருமை. மாடம்பாக்கத்தில் அந்தணர் இல்லம் என்ற எல்லை இல்லை; கிராமத்துப் பெண்டிரும் அவர்தம் குழந்தைகளுமே அம்மையாரின் மாணவர். ஐஸ் ஹவுஸிற்குக் கூறிய குறைக்கு வயது முதிர்ந்த காலத்தில் அவர் அளித்த விடை இதுவே என்று நாம் கொள்கின்றோம்.

மோனிகா பெல்டன் என்னும் ஆங்கில மாது அம்மையாரின் சரித்திரத்தை ஒரு நூலாக எழுதி 1966-ல் வெளியிட்டார். அம்மையார் அதனை உயிரோடிருந்து கண்டார். 1969-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 20-ந் தேதி, எண்பத்து மூன்றாம் வயதில், காலமானார். அவருக்கென ஒரு குழந்தை பிறந்ததில்லை. அவரிடம் படித்தவரிடம் படித்தவர்கள் அப்போது சென்னைப் பள்ளிகளிற் கற்பித்துக்கொண்டிருந்தனர்.