மூச்சு குறைவான மனிதர், மூச்சை அதிகம் கேட்கிற வாத்தியம்

ஏதாவது ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வீடியோவை எடுத்துப் பாருங்க. முன்னாடி வயலின்காரங்க கூட்டமா இருப்பாங்க. கடைசி வரிசையில், ஓரமா ஒருத்தர் மடியில் பெரிய பித்தளை வாத்தியம் ஒண்ணு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அதுதான் ட்யூபா. பெரும்பாலும் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒரே ஒரு ட்யூபாதான். அவர் தப்பு பண்ணினா பக்கத்துல இருக்கவங்க சத்தத்துல ஒளிஞ்சுக்க முடியாது.

சிகாகோ சிம்பொனியில் அந்த ஒற்றை நாற்காலியில் 1944 முதல் 1988 வரை, 44 வருஷம் உட்கார்ந்தவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். அவர் ட்யூபா ஒலியைக் கேட்டவங்க, இந்த ஆளுக்கு நுரையீரல் ரொம்பப் பெருசா இருக்கும்னு நினைச்சாங்க. உண்மை நேர் எதிர். சின்ன வயசுல வந்த நோயால் அவர் நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்தது. பெரியவர் ஆனதும் ஆஸ்துமாவும் சேர்ந்துக்கிட்டது. காத்து அதிகம் தேவைப்படுற வாத்தியத்தை, காத்து குறைவா இருந்த ஒருத்தர் எப்படி வாசிச்சார்? அவர் வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விக்கான பதில்தான்.

1915-ல் பிலடெல்பியாவில் பிறந்தார், கலிபோர்னியாவில் வளர்ந்தார். அம்மா பியானோ வாசிக்கிறவங்க. பையன் கையில முதலில் வந்தது பியூகிள். அப்புறம் டிரம்பெட், டிராம்போன், கடைசியா ட்யூபா. 15 வயசுல பிலடெல்பியாவில் இருக்கிற கர்டிஸ் இசைக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போட சேர்ந்தார். நாம பத்தாவது பரீட்சை எழுதுற வயசு.

அங்கே அவருக்கு ஆசிரியர் பிலிப் டொனடெல்லி, பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவின் ட்யூபா கலைஞர். அந்த ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய ஸ்டோகோவ்ஸ்கிக்கு அடியில் விரிஞ்சு நிக்கிற பெரிய ஒலி வேணும். அதுக்காக மிச்சிகன் மாநிலம், கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரில் இருந்த யார்க் கம்பெனி 1930-களின் தொடக்கத்தில் பெரிய ட்யூபா செய்து கொடுத்தது. வாத்தியம் அருமை. ஆனா ஒரு எர்கனாமிக்ஸ் பிரச்சினை! டொனடெல்லிக்குக் கொஞ்சம் பெரிய தொப்பை. வாத்தியத்தைக் கட்டிப் பிடிச்சா வாய் வைக்கிற குழாய் உதட்டுக்குச் சரியா வரல. அதனால அதைத் தன் மாணவனுக்கே 175 டாலருக்கு வித்துட்டார். வாரம் 5 டாலர் தவணை. கணக்கு போட்டா 35 வாரம். ஒருத்தர் தொப்பைக்கு ஒத்து வராத அந்த ட்யூபாதான் பிறகு உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட ட்யூபா ஆச்சு.

1936-ல் படிப்பு முடிந்தது. இண்டியானபோலிஸில் ரெண்டு சீசன், பிறகு 1939 முதல் பிட்ஸ்பர்க்கில் ஃபிரிட்ஸ் ரைனர் என்கிற கண்டிப்பான கண்டக்டரிடம் ஐந்து வருஷம், அப்புறம் சிகாகோ. அந்த யார்க் ட்யூபாவும் கூடவே போனது.

இப்போ நம்ம டிபார்ட்மெண்ட் விஷயத்துக்கு வருவோம். ஜேக்கப்ஸுக்கு மூச்சு பற்றிய உடற்கூறியலில் வெறி. அழுத்தம் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவுன்னு கருவி வச்சு அளந்து பார்த்தார். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்ச நமக்கு இது ஈசியா புரியும். டிரம்பெட்டில் மேல் ஸ்வரம் வாசிக்க அழுத்தம் அதிகம், காற்றோட்டம் குறைவு. ட்யூபாவின் கீழ் ஸ்வரத்துக்கு அழுத்தம் குறைவு, ஓட்டம் மிக அதிகம். இது தெரியாதவங்க ட்யூபாவையும் வயித்தை இறுக்கி, முக்கி ஊதுவாங்க. இறுக்கம்தான் கூடும், காத்து நகராது. ஜேக்கப்ஸ் இறுக்கத்தை விட்டார், ஓட்டத்தைப் பிடிச்சார். அடிக்கடி மூச்சு எடுத்துக்கிட்டார். இருந்த கொஞ்சக் காத்தையும் வீணாக்காம ஒலியா மாத்தினார்.

பாடம் சொல்லித் தந்தபோது அவர் அறையில் ஸ்பைரோமீட்டர், காத்துப் பைகள், அளவிடும் குழாய்கள் எல்லாம் இருந்தன. ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு ஆஸ்பத்திரியில் பந்து மேலே எழும்பற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்து இழுக்கச் சொல்வாங்களே, அந்த மாதிரி சாமானையும் பயன்படுத்தினார். காரணம் புத்திசாலித்தனமானது. வாத்தியத்தைக் கையில எடுத்த உடனே பழைய கெட்ட பழக்கமும் கூட வந்துடும். முன்னே பின்னே பார்க்காத ஒரு சாமானில் புதுப் பழக்கத்தை உண்டாக்கிட்டு, அதை அப்படியே வாத்தியத்துக்குக் கொண்டு வரணும். ட்யூபாக்காரங்க மட்டும் இல்லை, புல்லாங்குழல், ஓபோ, டிரம்பெட் வாசிக்கிறவங்களும் அவர்கிட்ட வந்தாங்க.

எனக்கு இவரைப் பிடிச்சதுக்குக் காரணம் இனிமேதான். இவ்வளவு அளந்த மனுஷன், மேடையில் அந்த எண்களை மறந்துடணும்னு சொல்லிக் கொடுத்தார். வாசிக்கும்போது எந்தத் தசை என்ன செய்யுதுன்னு யோசிச்சா உடம்பு நின்னு போயிடும். முதலில் தலைக்குள்ளே அந்த ஸ்வரம் பாடணும், காத்தை விடணும், மீதியை உடம்பு பார்த்துக்கும். அவர் போதனை மொத்தமும் பாட்டு, காத்து என்ற ரெண்டே வார்த்தையில் அடங்கிடும். அதிலும் பாட்டுக்குத்தான் பெரிய பங்கு. அளவீடு எல்லாம் எங்கே கோளாறுன்னு கண்டுபிடிக்க. வேலை நடக்கும்போது கண் இருக்க வேண்டியது விளைவு மேலே. எல்லாத்தையும் டேட்டாவா பார்க்கப் பழகின நமக்கு இதைக் கேக்கிறது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா சொன்னவர் டேட்டா இல்லாம பேசின ஆள் இல்லை. அதான் நான் நம்பறேன்.

1988-ல் ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்து ஓய்வு பெற்றார், பாடம் நடத்துவதை விடவில்லை. 1998 அக்டோபர் 7-ல் இறந்தார். நம்மில் நிறைய பேர் அப்போ பிறக்கவே இல்லை. அந்த யார்க் ட்யூபா சிகாகோ சிம்பொனியிடம் இருக்கிறது. ஜப்பானின் யமஹாவும் சுவிட்சர்லாந்தின் ஹிர்ஷ்ப்ரன்னரும் அதை அளந்து அதே மாதிரி ட்யூபா செய்தாங்க. சுத்தமான ரிவர்ஸ் எஞ்சினியரிங். குழாயின் விட்டம், வளைவு எல்லாத்தையும் காப்பி எடுக்கலாம். அவர் தலைக்குள்ளே ஓடின பாட்டுக்கு வெர்னியர் காலிப்பர் கிடையாது.

1954-ல் வான் வில்லியம்ஸ் ட்யூபாவுக்காக ஒரு கான்செர்ட்டோ எழுதினார். அதை ஜேக்கப்ஸ், டேனியல் பாரன்பாயிம் நடத்த, சிகாகோ சிம்பொனியோட 1977-ல் பதிவு செய்தார். தேடிக் கேளுங்க. ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் போடாதீங்க, அடி ஸ்வரம் பாதி காணாமப் போயிடும். ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, நடுவுல வர்ற மெதுவான பகுதியைக் கேளுங்க. அங்கே வாசிக்கிறவருக்கு ஆஸ்துமா என்பதை ஞாபகம் வச்சுக்கங்க.