காய்கறி விற்றவர் கட்டிய வைத்தியசாலை

டான் டோக் செங் மருத்துவமனையை அறியாதார் சிங்கப்பூரில் இலர். ஆனால் அப்பெயருக்கு உரியவர் வைத்தியர் அல்லர், நம்மைப் போன்ற ஒரு வியாபாரியே என்பதை நம்மவரில் பலர் அறியார்.

அவர் 1798ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்த சீனர். ஆங்கிலேயர் சிங்கப்பூரில் நிலைகொண்ட 1819ஆம் ஆண்டிலேயே பிழைப்புத் தேடி இங்கு வந்தார். புறப்பகுதிகளில் காய்கறி, பழம், கோழி வாங்கி நகருக்குள் கொண்டுவந்து விற்றார். சிறுகச் சிறுகச் சேர்த்து 1827இல் ஆற்றங்கரையில் கடை திறந்தார். பின்னர் ஓர் ஆங்கில வியாபாரியுடன் கூட்டுச் சேர்ந்து நிலம் வாங்கி விற்றுப் பெருஞ்செல்வரானார்.

அந்நாளில் கூலி வேலைக்கென்று கப்பலேறி வந்த சீனர் ஏராளம். வேலை நின்றால் சோறு நின்றது. நோய் கண்டால் அருகிருந்து பார்க்கத் தாயுமில்லை, தாரமுமில்லை. ஆறாத புண்களோடு தெருவில் கிடந்து இரந்தவர் பலர். அங்கேயே மாண்டவரும் உண்டு. ஏழை நோயாளரின் பராமரிப்புக்கு முன்பு பன்றி இறைச்சி வியாபாரத்தின் மீதான வரிப்பணம் உதவியது. 1837இல் அவ்வரி நீக்கப்படவே, அந்த ஆதரவும் அற்றுப்போயிற்று.

தெருத்தெருவாகச் சுமந்து விற்றவருக்குத் தெருவில் கிடப்பவனின் துயரம் தெரியாதிருக்குமா? நாதியற்று இறந்த சீனரைத் தம் செலவிலேயே அடக்கம் செய்தார் டான் டோக் செங். 1844இல் வைத்தியசாலை கட்ட 7,000 வெள்ளி கொடுத்தார். அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் பேர்ல்ஸ் ஹில் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. நோயாளிகள் அதனுள் சேர்க்கப்பட்டதோ 1849இல்தான். மறு ஆண்டே அவர் காலமானார். அவர் மனைவியார் பெண் நோயாளிகளுக்கென ஒரு பிரிவுக்குப் பொருளுதவினார். மகனும் நிதி வழங்கினார். பிற்காலத்தில் இடம் மாறிய அம்மருத்துவமனையே 2003இல் ஸார்ஸ் நோய் பரவியபோது நாட்டைக் காத்து நின்றது.

அவர் முன்னின்று எழுப்பிய சீனக் கோயிலும், நம் முன்னோர் எழுப்பிய நாகூர் தர்காவும் தெலுக் ஆயர் சாலையில் இன்றும் அருகருகே உள்ளன. அண்டை வீட்டாரின் நற்செயலில் படிப்பினை பெறுவது நமக்குப் புதிதன்று.

வியாபாரச் சகோதரர்களே! அந்த ஏழைகளைப் படுக்கையில் தள்ளியது நோய் மட்டுமன்று. பசியும், கூரையின்மையும், கேட்பாரற்ற தனிமையுமே என்பதை நாம் சிந்திக்க வேண்டும். ஊரையும் உற்றாரையும் விட்டு வந்து நம் கடைகளில் உழைக்கும் பிள்ளைகளுக்கு வேளைக்கு உணவு உண்டா? காற்றோட்டமுள்ள இடத்தில் படுக்கிறார்களா? சம்பளம் நாள் தவறாமல் கிடைக்கிறதா? காய்ச்சல் என்றால் ஓய்வெடுக்க அஞ்சுகிறார்களா? வைத்தியசாலை கட்டும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் நம்மை நம்பி வந்தவன் நோயாளியாகாமல் காக்கும் வசதி, ஒரே ஒரு சிப்பந்தியை வைத்திருப்பவருக்கும் உண்டு. அதுவும் ஸதக்காவே.

எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கு அந்நல்லெண்ணத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.